பம்பருக்குள் ஒளியும் வின்ச்: பூட்டும்போது நடக்கும் தவறுகள்

சிக்கிய வண்டியை ரோப்பால் இழுக்கும் மோட்டார் கருவியான வின்சைப் பம்பருக்குப் பின்னால் பூட்டி, கிரில்லையும் மாட்டிவிட்டு வண்டியைச் சுற்றி வந்து பார்த்தால் மனசு நிறைந்துவிடும். வெளியே தெரிவது, ரோப் வரும் வாயான ஃபேர்லீடும் ஒரு கொக்கியும்தான். என் வண்டியில் அந்த நிறைவு பத்து நாள் இருந்தது. சேற்றில் இறங்கிய நண்பரின் வண்டியை இழுக்கப் போனபோது, ரோப்பைக் கையால் உருவுவதற்காக, டிரம்மை (ரோப் சுற்றியிருக்கும் உருளையை) மோட்டாரிலிருந்து விடுவிக்கும் வின்சின் கிளட்ச் லீவரைத் தேடினேன். அது பம்பரின் உள்பக்கம் ஒட்டி, கீழே பார்த்துக்கொண்டு இருந்தது. இரண்டு விரல்தான் உள்ளே போயிற்று, லீவர் அசையவில்லை. கடைசியில் மழையில் உட்கார்ந்து கிரில்லைக் கழற்றினேன்.

மறைவாகப் பூட்டும்போது நடக்கும் தவறுகளில் பாதி இந்த ரகம்தான். கண்ணுக்குத் தெரியாமல் வைக்கிறோம் என்று கைக்கும் எட்டாமல் வைத்துவிடுகிறோம். லீவர் விஷயத்துக்குத் தீர்வு எளிது, ஆனால் வின்ச் இன்னும் மேசை மேல் இருக்கும்போதே செய்ய வேண்டும். பல மாடல்களில் அந்த லீவர் இருக்கும் கியர்பாக்ஸைச் சுற்றியுள்ள போல்ட்களைக் கழற்றி, அதை ஒரு துளை, இரண்டு துளை எனத் திருப்பி மறுபடி பூட்டலாம். பத்து போல்ட் இருந்தால் ஒரு துளைக்கு 36 டிகிரி நகரும். லீவர் கிரில்லின் இடைவெளிக்கு நேராக வரும்வரை திருப்புங்கள். கியர்பாக்ஸைத் துளி இடைவெளி விட்டுத் திருப்பினால் போதும். முழுதாக இழுத்தால் பல்சக்கரங்கள் கிரீஸோடு கையில் வந்து விழும், அப்புறம் அன்றைய பொழுது அதற்கே சரியாகிவிடும்.

அடுத்தது கொஞ்சம் ஆபத்தானது. இடம் போதாமல் வின்சைப் படுக்க வைப்பதற்குப் பதில் அதன் போல்ட் மாட்டும் பாதங்கள் முன்னால் பார்க்கும்படி நிமிர்த்திப் பூட்டுவார்கள். தயாரிப்பாளர் அதற்கு அனுமதி கொடுத்திருந்தால் சரி. ஆனால் அந்தத் திருப்பலில் ரோப் டிரம்மின் தவறான பக்கத்திலிருந்து கிளம்பும்படி சுற்றிவிடுகிறார்கள். அப்போது ரிமோட்டில் ‘உள்ளே’ என்று அழுத்தினால் ரோப் வெளியே போகும். உடனே மோட்டார் ஒயர்களை மாற்றிப் போட்டுச் ‘சரி’ செய்துவிடுவார்கள். டிரம்முக்குள் பிரேக் இருக்கும் வின்ச்களில் அந்தப் பிரேக் ஒரு திசையில்தான் முழுசாகப் பிடிக்கும். ஒயரை மாற்றினால் இழுக்கும், ஆனால் பாதி ஏற்றத்தில் சுவிட்சை விட்டால் வண்டி பின்னால் நழுவத் தொடங்கும். ஒயரைத் தொடாதீர்கள், ரோப்பை அவிழ்த்துச் சரியான திசையில் சுற்றுங்கள்.

எதில் பூட்டுகிறோம் என்பதிலும் தவறு நடக்கிறது. பம்பருக்குப் பின்னால் இருக்கும் குறுக்குச் சட்டம் மோதலில் நசுங்குவதற்காக வைத்தது, பல டன் இழுவிசையைத் தாங்குவதற்காக அல்ல. வின்சைத் தாங்கும் தட்டு சேஸிஸின் இரண்டு நீளச் சட்டங்களையும் பிடிக்க வேண்டும். இடம் செய்வதற்காக அந்தக் குறுக்குச் சட்டத்தை இஷ்டத்துக்கு வெட்டுவதும், அங்கே இருக்கும் ஏர்பேக் சென்சாரைக் கழற்றி வேறு இடத்தில் தொங்க விடுவதும் உயிரோடு விளையாடுவது. உங்கள் வண்டி மாடலுக்கென்றே செய்த தட்டு கிடைக்கவில்லை என்றால், மறைக்கும் ஆசையை விட்டுவிட்டு வெளியே தெரியும் வின்ச் பம்பருக்குப் போவதே மேல் என்பது என் எண்ணம்.

போல்ட்டையும் பாருங்கள். வின்சோடு வரும் போல்ட் குறிப்பிட்ட கனமுள்ள தட்டுக்கானது. அதைவிடத் தடித்த தட்டில் அதையே போட்டால் இரண்டு மூன்று மரைதான் பிடிக்கும். 8.8 கிரேடுக்குக் குறையாத, நீளம் சரியான போல்ட் போட்டு, டார்க் ரென்ச்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள்.

மின்சாரம். இரண்டு சாதாரண ஹாலஜன் ஹெட்லைட்டும் சேர்ந்து பத்து ஆம்பியர் போல எடுக்கும். முழுச் சுமையில் வின்ச் 400 ஆம்பியர்கூட எடுக்கும். மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் கண்ட்ரோல் பெட்டி வின்ச் மேல் பொருந்தாது என்பதால் அதை எஞ்சின் பக்கம் நகர்த்துவோம். அப்போது ஒயர் நீளும், நீண்டால் கனமும் கூட வேண்டும். கையில் கிடைத்த மெல்லிய கேபிளை ஒட்டுப்போட்டால் அதுதான் முதலில் சூடாகும். நெகட்டிவை அருகில் உள்ள ஏதோ ஒரு போல்ட்டில் கட்டாமல் நேராகப் பேட்டரிக்கே கொண்டுபோங்கள். தகட்டுத் துளை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். பேட்டரி அருகே ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் கட்டாயம் இருக்கட்டும், ஏனென்றால் ஒயர் உரசுவது இங்கே உங்கள் கண்ணில் படவே படாது.

கண்ட்ரோல் பெட்டியைக் கிரில்லுக்கு நடுவே வைத்துவிடாதீர்கள். வின்சே ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் போகும் காற்றில் ஒரு பங்கை மறைக்கிறது. சமவெளியில் தெரியாது, லோ கியரில் மெதுவாக ஏறும்போது டெம்பரேச்சர் முள் சொல்லும்.

ரோப்பைப் பற்றி. டிரம்முக்கும் ஃபேர்லீடுக்கும் இடையே தூரம் குறைவாக இருப்பதால், சாய்வாக இழுக்கும்போது ரோப் ஒரே மூலையில் குவிகிறது. வெளியே தெரியும் வின்ச் என்றால் பார்த்து நிறுத்திவிடலாம். இங்கே குவியல் தட்டில் முட்டி இறுகிய பிறகுதான் சத்தம் கேட்கும். நான் இப்போது சாய்ந்த இழுப்பில் நாலைந்து மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, போனை உள்ளே நீட்டி ஒரு படம் எடுத்துப் பார்க்கிறேன். சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்கிறது. கம்பி ரோப்பிலிருந்து சிந்தெடிக் நார் ரோப்புக்கு மாறினால், கம்பி உரசி வரிவரியாகக் கீறிய பழைய ரோலர் ஃபேர்லீடை அப்படியே விடாதீர்கள். அந்தக் கீறல் நாரை அறுத்துவிடும். ரோலர் இல்லாத, வழவழப்பான அலுமினிய ஹாஸ் ஃபேர்லீட் போடுங்கள்.

திறன் பற்றி ஒரு வரி: வண்டியின் மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்கு என்பது வழக்கமான கணக்கு. 9,500 பவுண்டு வின்ச் என்றால் சுமார் 4,300 கிலோ, அதுவும் டிரம்மின் முதல் அடுக்கில் மட்டும். மேலே ஒவ்வொரு அடுக்குக்கும் இழுவை குறையும். அதற்காக இருப்பதிலேயே பெரிய வின்சை வாங்கி உள்ளே திணித்தால் மூக்கு தாழ்ந்து, ஹெட்லைட் வெளிச்சமும் முன்னைவிடக் கிட்டத்தில் விழும்.

பம்பரைத் திரும்ப மாட்டும் முன் ஒருமுறை எல்லாவற்றையும் இயக்கிப் பாருங்கள். ரோப்பை முழுக்க உருவி, டிரம்மில் கடைசிப் பத்துச் சுற்றை மட்டும் விட்டுவிட்டு, லேசான சரிவில் வண்டியையே சுமையாக வைத்து இறுக்கமாகச் சுற்றுங்கள். கையுறை போடுங்கள், ஃபேர்லீடுக்கு அருகே கை போக வேண்டாம். முதல் இழுப்புக்குப் பிறகு நான்கு போல்ட்டும் இன்னொரு முறை முறுக்கப்பட வேண்டும், அதனால் சாக்கெட் நுழைய வழி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். முறுக்கியதும் ஒவ்வொரு நட்டின் மீதும் தட்டின் மீதும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு கிரில் வழியாக டார்ச் அடித்தாலே, நட் நகர்ந்திருக்கிறதா என்று அந்தக் கோடு காட்டிவிடும்.