சராசரி மனிதருக்குத் தொற்று வருவதில்லை: நோய்ப்பரவல் மாதிரிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொற்றக்கூடியோர், தொற்றாளர், விலகியோர் (குணமடைந்தோ இறந்தோ இனிப் பரப்பாதவர்கள்) என்று மக்களை மூன்று பெட்டிகளாகப் பிரிக்கும் மாதிரியைத் தொற்றியல் படித்த எவரும் அறிவார். அதன் வேர் கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் 1927இல் வெளியிட்ட கட்டுரை. அதில் 1905–06 பம்பாய் பிளேக்கின் வாராந்திர மரணங்கள் மீது ஒரு வளைகோடு அழகாகப் படிந்திருக்கும். ஆனால் பிளேக் எலிகளின் நோய். தெள்ளுப்பூச்சி வழியே மனிதருக்கு வருவது. பம்பாய்த் தீவின் எலிகள் எல்லாவற்றுக்கும் தொற்றும் வாய்ப்பு சமம் என்பது அந்தக் கணக்கின் அனுமானங்களுள் ஒன்று. அனுமானங்கள் எவையும் முழுமையாகப் பொருந்தாது என்று ஆசிரியர்களே எழுதிவைத்தார்கள். வளைகோட்டை எடுத்துக்கொண்ட பலர் அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். கோடு பொருந்துவதாலேயே பரவும் விதம் பிடிபட்டுவிட்டது என்று கொள்வதுதான் முதல் தவறு.

அடுத்தது, எல்லோரும் சராசரி எண்ணிக்கையில் ஆட்களைச் சந்திப்பதாகக் கொள்வது. பத்துப் பேர் கொண்ட ஒரு கணக்கைப் பாருங்கள். ஒன்பது பேர் நாளுக்கு 5 பேரைச் சந்திக்கிறார்கள். பத்தாமவர், பஸ் நடத்துநர் என்று வைத்துக்கொள்வோம், 55 பேரைச் சந்திக்கிறார். சராசரி 10. ஆனால் பரவலைத் தீர்மானிப்பது அந்தப் பத்து அல்ல. அதிகம் சந்திப்பவருக்கே எளிதில் தொற்றும், அவரே அதிகம் பரப்பவும் செய்வார். எனவே சராசரியோடு, பள்ளியில் படித்த விலக்க வர்க்கச் சராசரியைச் சராசரியால் வகுத்துக் கூட்ட வேண்டும்: 10 + 225/10 = 32.5. பரவல் எண், அதாவது ஒரு தொற்றாளர் சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றவைக்கிறார் என்பது, மூன்று மடங்குக்கு மேல் எகிறுகிறது. அந்த ஒருவருக்கு மட்டும் முழுப் பாதுகாப்பு தரும் தடுப்பூசி போட்டால் 32.5 என்பது 2.25 ஆகச் சரியும். சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு ஆபத்தும் தெரியாது, தீர்வும் தெரியாது.

தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேசம் ஆகியவற்றின் கோவிட் தொடர்புத் தடமறிதல் தரவை 2020இல் ஆராய்ந்தபோது, தொடர்புகள் பரிசோதிக்கப்பட்ட தொற்றாளர்களில் சுமார் 70 விழுக்காட்டினரின் தொடர்பில் இருந்த எவருக்கும் தொற்று கண்டறியப்படவில்லை. பரவலில் பெரும்பங்கு சிலரால் நிகழ்கிறது. ஆகவே ஊருக்குள் வரும் முதல் தொற்று பல நேரம் தானாகவே அணைந்துவிடும். சில நேரம் வெடிக்கும். ஆள் எண்ணிக்கையைத் தொடர் எண்ணாக, அதாவது 0.7 தொற்றாளர் என்றெல்லாம், கொள்ளும் வகைக்கெழுச் சமன்பாடு இந்தத் தற்செயலைக் காட்டாது. தொற்றாளர் எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது நிகழ்தகவு மாதிரியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

போதுமான பேருக்கு எதிர்ப்பாற்றல் இருந்தால் பரவல் தணிந்துவிடும் என்ற சமூக எதிர்ப்பாற்றல் கணக்கில் நடக்கும் குழப்பம் இவற்றைவிட மோசம். பரவல் எண் 2.5 என்றால் சீரான மக்கள்தொகையில் அதற்குத் தேவையான வரம்பு 60 விழுக்காடு. வயதையும் நடமாட்ட வேறுபாட்டையும் சேர்த்தால் அது 43 வரை குறையலாம் என்று டாம் பிரிட்டன், ஃபிராங்க் பால், பீட்டர் டிராப்மன் என்ற ஆய்வாளர்கள் 2020இல் கணக்கிட்டார்கள். உடனே '43 விழுக்காட்டினருக்குத் தடுப்பூசி போட்டால் போதும்' என்ற வாதம் கிளம்பலாம். அது பிழை. நோய் தானாகப் பரவும்போது அதிகம் நடமாடுவோரை முதலில் பிடிக்கிறது. அதனால்தான் வரம்பு குறைகிறது. எவருக்கென்று பாராமல் போடும் தடுப்பூசிக்கு அந்தத் தேர்வு கிடையாது.

வரம்பைத் தாண்டிய மொத்த விழுக்காடும் ஏமாற்றும். நெதர்லாந்தில் தட்டம்மைத் தடுப்பூசி 95 விழுக்காட்டுக்கு மேல் போய்ச் சேர்ந்திருந்தது. ஆனாலும் மத நம்பிக்கையால் தடுப்பூசியைத் தவிர்ப்போர் நெருங்கி வாழும் பகுதிகளில் 2013–14இல் நோய் பரவி, 2,600க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாகப் பதிவானது. மும்பையில் 2020 ஜூலையில் மூன்று வார்டுகளில் நடந்த ரத்தப் பரிசோதனை ஆய்வில் குடிசைப் பகுதியினரில் 57 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 16 விழுக்காட்டினருக்கும் எதிர்ப்பொருள் இருந்தது. இவ்விரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் வரும் எண் எந்தத் தெருவுக்கும் பொருந்தாது.

அதற்காக மக்களை எண்பது குழுக்களாக வெட்டவும் கூடாது. எந்தக் குழு எந்தக் குழுவை எவ்வளவு சந்திக்கிறது என்று காட்டும் தொடர்பு அணியில் எண்பது குழுக்களுக்கு 6,400 இடங்கள் இருக்கும். அவற்றை நிரப்பத் தரவு இருக்காது, ஊகம்தான் இருக்கும். எத்தனை குழுக்கள் வைத்தாலும் அணியை ஒருமுறை சரிபாருங்கள்: முதியோரைச் சிறுவர்கள் சந்தித்த மொத்த எண்ணிக்கையும், சிறுவர்களை முதியோர் சந்தித்த மொத்த எண்ணிக்கையும் சமமாக இருந்தாக வேண்டும். கேள்வித்தாளிலிருந்து வரும் அணிகள் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. திருத்தாமல் ஓட்டினால், ஒரு பக்கம் மட்டுமே நடந்த சந்திப்புகளில் நோய் பரவும்.