ரிட்டர்ன் ஏன் ஏறுகிறது? டேட்டா டீமும் பிற துறைகளும் சேர்ந்து தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரிலிருந்து பனியன், நைட்டி, குழந்தைகள் உடை என்று ஆன்லைனில் விற்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பாதிக்கு மேல் ஆர்டர்கள் கேஷ் ஆன் டெலிவரியில் வருகின்றன. அதில் ஒரு பங்கு பார்சல், வாங்க ஆளில்லாமல் கிடங்குக்கே திரும்பி வருகிறது. போகவும் வரவும் ஆகும் கூரியர் செலவு நிறுவனத்தின் தலையில். மாதக் கூட்டத்தில் விற்பனைத் தலைவர் டேட்டா டீமைப் பார்த்துக் கேட்கிறார்: "ரிட்டர்ன் ஏறிக்கிட்டே போகுது. ஒரு டாஷ்போர்டு போட்டுக் குடுங்களேன்."

டேட்டா டீம் "சரிங்க சார்" என்று எழுதிக்கொள்கிறது. முதல் தவறு அதுதான்.

இரண்டு வாரம் கழித்துப் பதினைந்து வரைபடங்களோடு ஒரு லிங்க் போகும். முதல் வாரம் நான்கு பேர் திறப்பார்கள், அடுத்த மாதம் யாரும் திறக்கமாட்டார்கள். லிங்க்கைப் பத்துப் பேருக்கு அனுப்பியதாலேயே அது கூட்டு வேலை ஆகிவிடாது. குவெரியை, அதாவது டேட்டாபேஸிலிருந்து எண்களை எடுக்கும் கட்டளையை, எழுதத் தொடங்கும் முன் கேட்டவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து மூன்று கேள்விகளுக்குப் பதில் வாங்க வேண்டும். இதை வைத்து யார் என்ன முடிவெடுக்கப் போகிறார்? எந்த எண் வந்தால் அந்த முடிவு மாறும்? எந்தத் தேதிக்குள் வேண்டும்?

இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் வராது. விடாமல் கேட்க வேண்டும். "ஒரு பின்கோடில் 30 சதவீதத்துக்கு மேல் திரும்பி வந்தால் அங்கே கேஷ் ஆன் டெலிவரியை நிறுத்துவேன்" என்று அவர் சொல்லிவிட்டால் பதினைந்து வரைபடம் தேவையில்லை; பின்கோடு வாரியாக ஒரு பட்டியல் போதும். எந்த எண் வந்தாலும் எதுவும் மாறாது என்று தெரிந்தால் அந்த வேலையை எடுக்காமல் விடுவதே மேல்.

அந்தப் பட்டியலிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மூன்று பார்சல் போய் ஒன்று திரும்பிய பின்கோடும் 33 சதவீதம் காட்டும். குறைந்தது 100 பார்சலாவது போன பின்கோடுகளை மட்டும் தனியாகப் பாருங்கள். மற்றவற்றைப் பின்கோடின் முதல் மூன்று இலக்கத்தால் சேர்த்துப் பாருங்கள். அந்த மூன்று இலக்கம் அஞ்சல் துறையின் பிரிப்பு மாவட்டத்தைக் குறிப்பதால் அக்கம்பக்கத்து ஊர்கள் ஓரளவு ஒன்றாக விழும்.

ஒரே சொல்லுக்கு மூன்று கணக்கு

"ரிட்டர்ன் எத்தனை சதவீதம்?" என்று மூன்று துறைகளைக் கேட்டால் மூன்று எண் வரும். ஒரு மாதத்தில் 10,000 ஆர்டர் வந்ததாக வைத்துக்கொள்வோம். அனுப்பும் முன்பே 600 ரத்தாகிவிட்டது. கிடங்கிலிருந்து கிளம்பியது 9,400. அதில் 1,410 பார்சல் வாடிக்கையாளர் கைக்குப் போகாமலேயே திரும்பியது, கூரியர்காரர்கள் ஆர்.டி.ஓ. (ரிட்டர்ன் டு ஆரிஜின், அனுப்பிய இடத்துக்கே திரும்புவது) என்பது இதைத்தான். கைக்குச் சேர்ந்த 7,990-இல் 640 பேர் அளவு சரியில்லை, நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

கிடங்கு மேலாளர் 15 சதவீதம் என்பார்: 9,400-இல் 1,410. வாடிக்கையாளர் சேவைப் பிரிவு 8 சதவீதம் என்னும்: 7,990-இல் 640. கணக்குப் பிரிவு இரண்டையும் கூட்டி மொத்த ஆர்டரால் வகுத்து 20.5 சதவீதம் என்னும். மூவர் சொல்வதும் சரி. ஆனால் கூட்டத்தில் முதல் நாற்பது நிமிடம் யார் எண் தவறு என்ற சண்டையிலேயே போய்விடும்.

ஆகவே ஆர்.டி.ஓ. வேறு, வாடிக்கையாளர் ரிட்டர்ன் வேறு என்று பிரித்துப் பெயர் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் வகுத்தலில் மேலே எந்த எண், கீழே எந்த எண், எந்தத் தேதியை வைத்து எண்ணுகிறோம், ரத்தானவை உள்ளே உண்டா என்ற நான்கையும் எழுதுங்கள். அந்த வரையறைக்கு ஒரு துறைத் தலைவர் பொறுப்பேற்க வேண்டும். டேட்டா டீம் அல்ல, அந்த எண்ணை வைத்து வேலை செய்பவர். கணக்கை ஒவ்வொரு டாஷ்போர்டிலும் தனித்தனியாக எழுதாமல் டேட்டாபேஸில் ஒரே வியூவில் (சேமித்து வைத்த குவெரியில்) வைத்து, எல்லோரும் அதிலிருந்தே எடுக்கும்படி செய்யுங்கள்.

இதெல்லாம் சின்ன நிறுவனத்துக்கு அதிகப்படி என்று தோன்றினால், நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999-இல் செவ்வாயை அடைந்த அன்றே தொலைந்துபோனதற்குக் காரணம் ஒரு தரப்பு பவுண்டு கணக்கிலும் மறுதரப்பு நியூட்டன் கணக்கிலும் எண்களைக் கையாண்டதுதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த மாதம் குறைந்துவிட்டது என்ற பொய்யான மகிழ்ச்சி

ரிட்டர்ன் கணக்கில் அதிகம் பேர் விழும் குழி இது. மாதக் கடைசியில் எடுத்துப் பார்த்தால் நடப்பு மாத ஆர்.டி.ஓ. எப்போதும் போன மாதத்தைவிடக் குறைவாகவே தெரியும். காரணம், 25-ஆம் தேதி கிளம்பிய பார்சல் இன்னும் வழியிலேயே இருக்கிறது. போய்ச் சேர ஐந்து நாள், மூன்று முறை முயற்சி, திரும்ப ஒரு வாரம் என்று மூன்று வாரம்கூட ஆகலாம். திரும்பாதவை எல்லாம் டெலிவரி ஆனவை என்று எண்ணிக்கொள்வதால் சதவீதம் இறங்கித் தெரிகிறது. போன வாரம் கொண்டுவந்த புது விதிதான் பலன் தந்தது என்று யாராவது மெயிலும் போட்டுவிடுவார்கள்.

கிளம்பிய வாரத்தை வைத்துப் பார்சல்களைக் கட்டுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டும் 7, 14, 21-ஆம் நாளில் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். இந்த வாரக் கட்டின் 7-ஆம் நாளைப் பழைய கட்டுகளின் 7-ஆம் நாளோடு மட்டும் ஒப்பிடுங்கள். 21 நாள் முடியாத கட்டுகளை டாஷ்போர்டில் சாம்பல் நிறத்தில் காட்டினால் பாதித் தவறான முடிவுகள் தவிரும்.

இதே வரிசையில் வரும் இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டேட்டாபேஸ் பெரும்பாலும் யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் பதியும், நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். மாற்றாமல் விட்டால் நள்ளிரவு முதல் காலை 5.30 வரை வந்த ஆர்டர்கள் முந்தைய நாளில் போய் விழும். நள்ளிரவில் தொடங்கும் ஆடித் தள்ளுபடி விற்பனையில் இது பெரிய ஓட்டை. இன்னொன்று ஜாயின், அதாவது இரண்டு டேபிள்களை இணைப்பது. ஆர்டர் டேபிளை ஐட்டம் டேபிளோடு இணைத்துத் தொகையைக் கூட்டினால், ஒவ்வொரு உருப்படியின் வரியிலும் ஆர்டர் தொகை திரும்ப வருவதால், மூன்று உருப்படி உள்ள 1,200 ரூபாய் ஆர்டர் 3,600 ஆகிவிடும். ஐட்டங்களை முதலில் ஆர்டருக்கு ஒரு வரியாகச் சுருக்கிவிட்டு இணையுங்கள். இணைப்பதற்கு முன்னும் பின்னும் வரிகளை எண்ணுங்கள். மொத்தத் தொகையைக் கணக்குப் பிரிவின் எண்ணோடு ஒத்துப் பார்த்த பிறகே வெளியே காட்டுங்கள்.

கிடங்கில் நிற்பவரைக் கேட்காமல் விடுவது

கூரியர் நிறுவனம் அனுப்பும் ஃபைலில் ஒவ்வொரு ஆர்.டி.ஓ.வுக்கும் ஒரு காரணம் இருக்கும்: வீட்டில் ஆள் இல்லை, வாங்க மறுத்தார், முகவரி தவறு. டேட்டா டீம் இதை வட்ட வரைபடமாகப் போட்டு, "ஆள் இல்லை என்பதுதான் முதல் காரணம்" என்று முடித்துவிடும். அந்தக் காரணம் எப்படி ஃபைலுக்குள் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். டெலிவரி ஊழியர் பைக்கை ஓரம் கட்டி, மொபைல் செயலியில் கைக்கு வந்ததைத் தொட்டிருப்பார். போகவே நேரமில்லாத வீட்டுக்கும் "ஆள் இல்லை" என்றே பதிவாகியிருக்கும். இது கிடங்கில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். டேட்டா டீமுக்குத் தெரியாது, ஏனென்றால் அவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை.

சரிபார்க்க வழி உண்டு. "ஆள் இல்லை" என்று பதிவான நேரத்தைப் பாருங்கள். இரவு 9 மணிக்கு மேல் ஐந்து நிமிடத்துக்குள் இருபது பார்சல் வரிசையாக அப்படிப் பதிவாகியிருந்தால் யாரும் கதவைத் தட்டவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதாக, நேற்று "ஆள் இல்லை" என்று வந்தவற்றில் 100-ஐக் குலுக்கல் முறையில் எடுத்து வாடிக்கையாளர் சேவைப் பிரிவை அழைக்கச் சொல்லுங்கள். இரண்டு நாளைத் தாண்டினால் மக்களுக்கு நினைவிருக்காது.

வாடிக்கையாளர் திருப்பியவற்றுக்கு, ரிட்டர்ன் பிரிக்கும் மேஜையில் அரை நாள் உட்காருவதே சிறந்தது. 50 பார்சலைப் பிரித்து, பிரிப்பவரும் டேட்டா டீமில் ஒருவரும் ஒரே ஷீட்டில் காரணம் குறிக்க வேண்டும். குவியலின் மேலே இருப்பதை எடுக்கக் கூடாது. அவை எல்லாம் ஒரே வண்டியில் ஒரே ஊரிலிருந்து வந்தவையாக இருக்கும். காரணங்கள் எட்டுக்கு மேல் போகக் கூடாது. தட்டச்சு செய்யவிடாமல் தேர்ந்தெடுக்கும் பட்டியலாக வையுங்கள். முதல் 20-ஐ இருவரும் தனித்தனியாகக் குறித்து ஒப்பிடுங்கள். நான்கைந்துக்கு மேல் வேறுபட்டால் கோளாறு காரணப் பட்டியலில் இருக்கிறது. இந்த அரை நாளில் கிடைப்பது பல மாத ஃபைல்களில் கிடைக்காது: ஒரு தையல் யூனிட்டிலிருந்து வரும் எல் சைஸ் மட்டும் அரை அங்குலம் குறைகிறது என்பது எந்த டேபிளிலும் பதிவாகியிருக்காது.

மெயிலில் சுற்றும் எக்ஸல்

டேட்டா டீம் எடுத்துத் தந்த எக்ஸலை ஒருவர் திருத்தி, இன்னொருவர் "ஃபைனல்", மூன்றாமவர் "ஃபைனல் புதுசு" என்று பெயர் வைப்பது எல்லோருக்கும் பழக்கமான தொல்லை. பெயர்க் குழப்பத்தைவிட மோசமானது, எக்ஸல் சத்தமில்லாமல் செய்யும் வேலை. எண்களில் 15 இலக்கத்துக்கு மேல் அது வைத்துக்கொள்ளாது. நீளமான டிராக்கிங் எண்ணின் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும், பிறகு கூரியர் ஃபைலோடு பொருந்தாது. ஃபைலைத் திறக்கும்போதே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறிக்க வேண்டும். வரிசை எல்லையும் உண்டு: இன்றைய எக்ஸலில் 10,48,576 வரி, பழைய வடிவத்தில் 65,536. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 2020-இல் அந்தப் பழைய வடிவத்தைப் பயன்படுத்தியதால் செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 கோவிட் தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேராமல் போயின.

அந்த எக்ஸலில் வாடிக்கையாளர் பெயரும் போன் எண்ணும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஆர்.டி.ஓ. ஆய்வுக்குப் பின்கோடும் மாற்று அடையாள எண்ணும் போதும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், போதிய பாதுகாப்பு எடுக்காததற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது.

எழுதியவரைத் தவிர யாரும் படிக்காத குவெரி

ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பொருளாதார அறிஞர்கள், அரசுக் கடன் நாட்டின் உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்று 2010-இல் எழுதினார்கள். அவர்களிடமிருந்து எக்ஸலை வாங்கிப் பார்த்த ஆய்வு மாணவர் ஒருவர், சராசரி ஃபார்முலா ஐந்து நாடுகளின் வரிகளைத் தொடவே இல்லை என்று கண்டார். அதோடு விடுபட்ட சில தரவுகளையும் எடை போட்ட விதத்தையும் சரிசெய்தபோது 2.2 சதவீதம் வந்தது. ஃபைலைக் கொடுத்ததால்தான் பிழை பிடிபட்டது.

குவெரிகளை கிட் (யார் எப்போது எதை மாற்றினார் என்று பதிந்து வைக்கும் கருவி) போன்ற இடத்தில் வைத்து, இன்னொருவர் படித்து ஒப்புதல் தந்த பிறகே எண்ணை வெளியே விடுங்கள். நோட்புக்கில் (கோடைச் செல் செல்லாகத் துண்டு போட்டு ஓட்டும் கருவியில்) செல்களை முன்பின்னாக ஓட்டியிருந்தால் திரையில் தெரியும் விடை மறுநாள் வராது; அனுப்பும் முன் கெர்னலை (பின்னால் கோடை ஓட்டும் நிரலை) ரீஸ்டார்ட் செய்து மேலிருந்து கீழ்வரை ஒரே ஓட்டமாக ஓட்டுங்கள்.

சதவீதம் குறைந்தால் லாபமா?

ஆர்.டி.ஓ.வைக் குறைக்க ஆர்டர் போடும்போதே 50 ரூபாய் முன்பணம் வாங்கலாம் என்று யோசனை வருகிறது. பரிசோதனையில் பணம் கட்டும் திரை வரை வந்தவர்களை இரண்டு பக்கமாகப் பிரிக்கிறோம், ஒரு பக்கத்துக்கு 3,000 பேர். முன்பணம் கேட்காத பக்கத்தில் 1,800 ஆர்டர், 20 சதவீதம் திரும்புகிறது: 360 போக 1,440 டெலிவரி. கேட்ட பக்கத்தில் 1,500 ஆர்டர், 12 சதவீதம்தான் திரும்புகிறது: 180 போக 1,320 டெலிவரி. ஆர்.டி.ஓ. சதவீதத்தை மட்டும் பார்ப்பவர் அன்றே முன்பணத்தை எல்லோருக்கும் கொண்டுவந்துவிடுவார்.

டெலிவரியான ஓர் ஆர்டரில் லாபம் 100 ரூபாய், திரும்பிய ஒன்றில் நஷ்டம் 120 ரூபாய் என்றால், கேட்காத பக்கம் 1,00,800. கேட்ட பக்கம் 1,10,400. முன்பணம் நல்லது. லாபம் 250 ரூபாய் என்றால் 3,16,800-க்கு எதிராக 3,08,400. முன்பணம் நஷ்டம். இந்தக் கணக்கில் லாபம் 180 ரூபாயைத் தாண்டும் இடத்தில்தான் விடை மாறுகிறது. அந்த லாப எண் கணக்குப் பிரிவிடம் மட்டுமே இருக்கிறது. அவர்கள் முதல் நாளிலேயே உட்காரவில்லை என்றால் டேட்டா டீமின் பரிந்துரை குருட்டாம்போக்கில் சொன்னதாகிவிடும். பனியனுக்கு ஒரு விடை, பட்டுப்பாவாடைக்கு வேறொரு விடை வரவும் கூடும்.

பரிசோதனையை மூன்றாம் நாளே பார்த்து நிறுத்தவும் கூடாது. 20 சதவீதம் 17 ஆகிறதா என்று நம்பிக்கையோடு சொல்ல ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 2,700 பார்சல் தேவை. கடைசிப் பார்சல் கிளம்பிய பிறகு 21 நாள் காத்திருக்கவும் வேண்டும். முடிவு தேதியைத் தொடங்கும் முன்பே எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதிவிடுங்கள்.

முடிவெடுத்த பிறகு, என்ன முடிவு, எந்த எண்ணை வைத்து, யார் எடுத்தார், எப்போது மறுபடி பார்ப்போம் என்று நான்கு வரி ஒரே ஷீட்டில் சேரட்டும். டாஷ்போர்டை யார் யார் எப்போது திறந்தார்கள் என்ற பதிவை மாதம் ஒருமுறை எடுங்கள். 90 நாளாக யாரும் திறக்காததை நிறுத்திவிட்டு, கேட்டவருக்கு ஒரு வரி அனுப்புங்கள்; வேண்டுமென்றால் மறுநாளே போன் வரும்.