பால்புதுமையர் ஆய்வு, மனித உரிமைக் கல்விக்கான உதவித்தொகை: ராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பால்புதுமையர் (திருநங்கை, திருநம்பி, தன்பால் ஈர்ப்புள்ளவர் போன்றோர்) பற்றிய ஆய்வுக்கும் மனித உரிமைப் படிப்புக்கும் அறக்கட்டளைகள் உதவித்தொகை தருகின்றன என்று சொன்னால், நம் கரையில் பல பிள்ளைகள் காது கொடுப்பதே இல்லை. "நான் திருநங்கை இல்லையே, எனக்கு எப்படித் தருவார்கள்?" என்கிறார் ஒருவர். திருநங்கையாகவோ திருநம்பியாகவோ தன்பால் ஈர்ப்புள்ளவராகவோ இருப்பவர், "விண்ணப்பித்தால் ஊருக்கே தெரிந்துவிடும்" என்று பயப்படுகிறார். இரண்டு பேருமே அறிவிப்பை முழுதாகப் படிக்காமல் விலகிப் போகிறார்கள்.

இவ்வகை உதவித்தொகைகளில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, படிப்பவர் யார் என்று பார்த்துத் தருவது. இன்னொன்று, என்ன படிக்கிறார் என்று பார்த்துத் தருவது. இரண்டாவது ரகத்தில் உங்கள் பாலினமோ பாலீர்ப்போ கணக்கில் வராது. தங்கச்சிமடத்து மீனவர் வீட்டுப் பெண் பாலினச் சமத்துவச் சட்டங்களைப் படிக்க விரும்பினால் அவரும் கேட்கலாம். அதனால் தலைப்பைப் பார்த்து முடிவு செய்யாமல், தகுதி விதிகளைக் கடைசி வரி வரை படியுங்கள். எந்த நாட்டில் படிப்பவருக்கு என்பதையும் அதே கையோடு பாருங்கள். பால்புதுமையர் மாணவர்களுக்கு உதவித்தொகை தரும், 2001இல் தொடங்கிய பாயிண்ட் ஃபவுண்டேஷன் பெரிய அமைப்புதான், ஆனால் அது அமெரிக்கக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கானது. ராமநாதபுரத்தில் இளங்கலை படித்துக்கொண்டு அதற்கு மனுப் போட்டால் உழைப்பு வீண்.

வெளிநாட்டு அறக்கட்டளைகளையே தேடிக்கொண்டு உள்ளூரில் இருப்பதை விட்டுவிடுவது அடுத்த தவறு. மத்திய அரசின் ஸ்மைல் திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு முதல் முதுகலை வரை படிக்கும் திருநர் (திருநங்கை, திருநம்பி) மாணவர்களுக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாய் உண்டு. திருநர்கள் உயர்கல்வி படித்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று தமிழ்நாடு அரசு 2024 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. இவை அடித்தளம். அறக்கட்டளைப் பணத்தை இவற்றுக்கு மேல் தேட வேண்டும். ஒன்றை வாங்கினால் மற்றது கிடைக்காது என்ற விதி இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆதிதிராவிட மாணவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. வெளிநாட்டில் படிக்க மத்திய அரசு தரும் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளை 2022இல் நீக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டுத் திருநங்கைகளின் வாழ்க்கையை லண்டனில் ஆராய நினைப்பவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. இதை அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் தெரியாமல் ஓராண்டை அதில் தொலைத்துவிடக் கூடாது.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயம். பாம்பனிலோ மண்டபத்திலோ இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் சித்தப்பாவுக்குத் தெரிந்தவராக இருப்பார். ஓடிபி அப்பாவின் போனுக்குப் போகும். தபால் வந்தால் கொண்டு வருபவர், வாங்கி வைப்பவர், பிரித்துப் பார்ப்பவர் என்று மூன்று பேர் கண்ணில் படும். பட்டணத்து மாணவருக்கு இல்லாத சிக்கல் இது. வீட்டுக்குத் தெரியாத ஒன்றை விண்ணப்பத்தில் எழுதுவதற்கு முன், அந்தத் தாள் யார் யார் கையில் போகும் என்று யோசியுங்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்த மின்னஞ்சல், உங்கள் பெயரில் உள்ள சிம், கல்லூரி விடுதி முகவரி அல்லது நம்பிக்கையான ஆசிரியரின் முகவரி, இவற்றை முதலில் தயார் செய்யுங்கள். படிவத்தை நெட் சென்டரில் நிரப்ப வேண்டியிருந்தால், வெளியே வரும்முன் லாக் அவுட் செய்து, இறக்கிய கோப்புகளையும் அழித்துவிடுங்கள்.

தேர்வானவர்களின் பெயரையும் படத்தையும் வெளியிடுவார்களா என்பதை விண்ணப்பிக்கும் முன்னரே கேட்க வேண்டும். கேட்டால் வாய்ப்புப் போய்விடும் என்று பலர் தயங்குகிறார்கள். பால்புதுமையருக்கு உதவும் அமைப்புக்கு இந்தக் கேள்வி புதிதல்ல, ஒழுங்கான அமைப்பு மதித்துப் பதில் சொல்லும். பரிந்துரைக் கடிதம் தரும் பேராசிரியரிடமும் எவ்வளவு சொல்வது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். "மனித உரிமை முதுகலைக்கான உதவித்தொகை" என்று சொன்னாலே அவருக்குப் போதும்.

ஏன், என்ன படிக்க விரும்புகிறேன் என்று விண்ணப்பத்தோடு எழுதும் நோக்கக் கடிதத்தில் பெரும்பாலானோர் செய்யும் தவறு, பட்ட கஷ்டத்தை மட்டும் எழுதுவது. பள்ளியில் கேலி செய்தார்கள், வீட்டில் அடித்தார்கள் என்று இரண்டு பக்கம் ஓடும், என்ன படிக்கப் போகிறேன் என்பது கடைசி இரண்டு வரியில் வரும். உங்கள் வேதனை உண்மைதான். ஆனால் தேர்வுக்குழு தேடுவது நீங்கள் ஆராயப்போகும் ஒரு கேள்வியை. உங்கள் காயத்தையெல்லாம் அவர்கள் முன் திறந்து காட்டக் கடமைப்பட்டவர் இல்லை நீங்கள்.

கேள்விக்கு இந்தக் கரையில் பஞ்சமே கிடையாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியாமல் 28 பேர் உயிரிழந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே அந்த வழக்கைக் கையில் எடுத்தது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சையை மருத்துவர்களின் தொழில் ஒழுக்க மீறல் என்று அறிவித்தது. 'குணப்படுத்துவது' என்ற பெயரில் ஒருவரை அவர் சம்மதமில்லாமல் என்னவெல்லாம் செய்யலாம் என்று குடும்பங்கள் நினைக்கின்றன? இந்த இரண்டு நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் முழு ஆய்வே விரியும். இன்னொன்று: இடைப்பால் குழந்தைகளுக்கு (ஆண், பெண் என்று தெளிவாக வகுக்க முடியாத உடலமைப்போடு பிறப்பவர்களுக்கு) தேவையற்ற அறுவைச் சிகிச்சை கூடாது என்ற 2019 தீர்ப்பு நம் மாவட்டத்துக்கும் உரிய சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலிருந்து வந்தது. கடற்கரை கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று ஒருவர் ஆராயலாம். "மனித உரிமை அனைவருக்கும் பொது" என்று தொடங்கும் கடிதங்களை விட இப்படிப்பட்ட கடிதம் எவ்வளவோ மேல்.

காகிதங்களில் பெயர்ப் பொருத்தம் முக்கியம். மார்க் ஷீட்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று என்றால் தேர்வான பிறகும் பணம் திரும்பிப் போகும். பெயர் மாற்றிய திருநர்கள் மாவட்ட ஆட்சியர் தரும் அடையாளச் சான்றிதழைக் கொண்டு மற்றவற்றைத் திருத்த வேண்டும். அப்போதைய விதி என்ன என்பதை பட்டினம்காத்தான் ஆட்சியர் அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டார் சொன்னதை நம்பிப் போகாதீர்கள். வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டவருக்குப் பெற்றோரின் வருமானச் சான்று கிடைக்காது. அந்த இடத்தைக் காலியாக விட்டால் படிவம் தள்ளுபடியாகும். நிலைமையை நாலு வரியில் எழுதி, ஆசிரியரின் கடிதத்தை இணைத்து, என்ன செய்யலாம் என்று அமைப்பிடமே கேளுங்கள்.

பணம் வரும் நேரத்தையும் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகை நம்பிய வீடுகளில் அந்த இரண்டு மாதம் கையில் காசு இருக்காது, கல்லூரிச் சேர்க்கையும் அப்போதுதான் வரும். பல உதவித்தொகைகள் கட்டணம் கட்டிய ரசீதைக் காட்டிய பிறகே கைக்கு வரும். முதல் தவணைக்குக் கந்துவட்டி வாங்கினால் உதவித்தொகை வட்டிக்கே போய்விடும். சேர்க்கைக் கடிதத்தைக் காட்டி அவகாசமோ தவணையோ தரும்படி கல்லூரியில் எழுத்தில் கேளுங்கள். பிரிட்டனில் முதுகலை படிக்க அந்நாட்டு அரசு தரும் செவனிங் போன்றவற்றுக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும், படிப்பு முடிந்து ஊர் திரும்பி இரண்டு ஆண்டு இருக்கவும் வேண்டும். ஆக, கடைசி ஆண்டு மாணவர் இப்போதே அதற்குத் திட்டமிடலாம், விண்ணப்பிக்க முடியாது.

முன்பணம் கேட்கும் ஏஜென்ட் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

கொடுப்பவர்களிடமும் ஒரு வார்த்தை. கீழக்கரை முதல் தொண்டி வரை, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் சம்பாதித்து ஊர்ப் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள் இருக்கிறீர்கள். திருநர் மாணவருக்கு உதவும்போது அவரை மேடையேற்றிக் காசோலையோடு படம் எடுக்காதீர்கள். கட்டணத்தைக் கல்லூரிக் கணக்கில் நேராகக் கட்டிவிடுங்கள். மதிப்பெண் குறைந்த உடனே உதவியை நிறுத்திவிடாமல் காரணம் கேளுங்கள், அந்த ஆண்டில்தான் அவர் வீட்டிலிருந்து துரத்தப்பட்டிருக்கலாம். படிப்பை இடையில் நிறுத்தியவர் ஓராண்டு கழித்து வந்தாலும் தொடரலாம் என்பதையும் அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்.