குமரி மாவட்டத்தில் தலைவர்களின் வெண்கலச் சிலையைக் கழுவி மெழுகு பூசும் முறை

நவம்பர் 1 நெருங்கும்போது குமரி மாவட்டத்துச் சந்திப்புகளில் நிற்கும் தலைவர்களின் சிலைகளுக்குத் திடீரென்று கவனிப்புக் கூடிவிடுகிறது. 1956இல் அந்த நாளில்தான் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அந்த இணைப்புக்காகப் போராடிய மார்ஷல் நேசமணியும், அவர் மறைந்தபின் 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்ற காமராசரும் இங்குள்ள பலருக்கு வீட்டுப் பெரியவர்களைப் போன்றவர்கள். மாலை போடுவதற்கு முன் சிலை பளபளக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பே. ஆனால் வெண்கலச் சிலைக்கு அந்த நினைப்பைவிடப் பெரிய கேடு வேறில்லை.

எங்கள் ஊர்க் குழுவும் அந்தத் தவற்றைச் செய்திருக்கிறது. குத்துவிளக்குத் துலக்குவதுபோலப் புளியும் சாம்பலும் இட்டுச் சிலையை ஒரு பகல் முழுவதும் தேய்த்தோம். மாலையில் அது பொன்னாக மின்னியது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. அடுத்த இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, முடிவதற்குள் முகம் திட்டுத்திட்டாகக் கறுத்து, மேல்துண்டின் மடிப்புகளிலிருந்து பச்சைக் கோடுகள் வழிந்து, கருங்கல் பீடத்தில் இன்றுவரை போகாத கறையாகிவிட்டன. செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலத்தின் மேல் காலப்போக்கில் படியும், அல்லது வார்ப்புக் கூடத்திலேயே இரசாயனம் பூசிச் சூடாக்கி உண்டாக்கப்படும் கரும்பழுப்புப் படலம் அழுக்கன்று. அதுவே உலோகத்தின் தோல். புளியின் அமிலம் அந்தத் தோலை உரித்துவிட்டதால், அடியிலிருந்த வெற்று உலோகத்தை மழையும் கடற்காற்றும் நேரடியாக அரிக்கத் தொடங்கின. விளக்கை வாரந்தோறும் துலக்கி வீட்டுக்குள் வைக்கிறோம்; சிலையோ வெயிலிலும் மழையிலும் நிற்கிறது.

முதலில் சிலை உண்மையிலேயே வெண்கலந்தானா என்று பாருங்கள். சிமெண்டிலோ ஃபைபரிலோ செய்து வெண்கல நிறம் பூசிய சிலைகள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. வெண்கலத்தில் காந்தம் ஒட்டாது. பெரிய சிலைகள் உள்ளீடற்று வார்க்கப்படுவதால், விரல் முட்டியால் தட்டினால் மணியின் சாயலில் ஓர் ஓசை எழும். பூச்சு உதிர்ந்த இடத்தில் வெண்மையோ சாம்பல் நிறமோ தெரிந்தால் இந்த முறை அதற்குப் பொருந்தாது.

அடுத்தது அனுமதி. சிலை எந்த அமைப்பின் பொறுப்பில் இருக்கிறதோ, அந்த உள்ளாட்சி அலுவலகத்துக்கோ துறைக்கோ எழுத்தில் தெரிவித்துவிட்டே ஏணியைச் சாத்துங்கள். பொதுச் சாலைகளிலும் நடைபாதைகளிலும் புதிய சிலைகளுக்கு அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் ஆணையிட்டது. எல்லைக்கு அப்பால், கேரளத்தின் நெய்யாற்றின்கரையில், மறைந்த அரசியல் தலைவர் என். சுந்தரன் நாடாருக்கு வைக்கவிருந்த சிலையையொட்டியே அது பிறப்பிக்கப்பட்டது. சந்திப்புகளில் இனிப் புதிய சிலை எழுவது அரிது என்னும்போது, இருப்பதைக் காப்பது இன்னும் முக்கியமாகிறது.

இரண்டு பருவமழைகளும் பெய்யும் மாவட்டம் இது. ஆகவே பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஒரு முறையும், தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து துலாமழை எனும் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் செப்டம்பர் இறுதியில் இன்னொரு முறையும் இந்த வேலையைச் செய்யலாம். கடலிலிருந்து தள்ளியுள்ள மலையோர ஊர்களில் ஆண்டுக்கு ஒரு முறை போதும்.

கழுவுவதற்கு ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரைத் தொடவே வேண்டாம். சேமித்த மழைநீர் மிக நல்லது. காலை வெயில் ஏறுவதற்கு முன் சிலை முழுவதையும் நனைத்து, காக்கை எச்சம் காய்ந்து கிடக்கும் இடங்களில் ஈரத்துணியைப் போர்த்திப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். எச்சத்திலும் அமிலம் உண்டு; ஆனால் அதைச் சுரண்டினால் கீறலும் சேர்ந்துகொள்ளும். பிறகு ஒரு வாளி நீரில் சில துளி மென்மையான, மணமும் நிறமும் இல்லாத திரவ சோப்பைக் கலந்து, மென்மையான பிரஷ்ஷால் தலையிலிருந்து பாதம் வரை கழுவி, நுரை சிறிதும் தங்காமல் அலசிவிடுங்கள். கம்பி பிரஷ், ஸ்டீல் நார், தேங்காய் நார், பித்தளை பாலிஷ், எலுமிச்சை, வேகமாகப் பீய்ச்சும் நீர்க்குழாய் இவை ஒன்றும் கூடாது. சட்டைக் காலர், கண்ணாடி விளிம்பு, விரல் இடுக்கு ஆகிய இடங்களில்தான் உப்பும் தூசியும் தங்கும் என்பதால் அங்கே சிறு ஓவிய பிரஷ்ஷைப் பயன்படுத்துங்கள். பாதத்தருகே நீர் வடிய விட்டிருக்கும் சிறு துளைகள் அடைபட்டிருந்தால், உள்ளே தேங்கும் நீர் இரும்புச் சட்டத்தைத் துருப்பிடிக்க வைக்கும். ஈர்க்குச்சியால் அவற்றைத் திறந்துவிடுங்கள்.

சிலை உலரும்வரை, உலோகத்தின்மேல் பூத்திருக்கும் பச்சைக் களிம்பைக் கூர்ந்து பாருங்கள். சீராக, கெட்டியாகப் படிந்த கரும்பச்சையால் பயமில்லை. வெளிர்பச்சைப் பொடியாக இருந்து, தொட்டால் விரலில் ஒட்டி, துடைத்த சில நாட்களில் அதே இடத்தில் மறுபடி பூத்தால், அது உப்பிலுள்ள குளோரைடு உலோகத்துக்குள் புகுந்துவிட்ட அரிப்பு. அதற்குமேல் மெழுகு பூசினால் நோய் உள்ளேயே வளரும். அந்த இடங்களைப் படமெடுத்து, வேலையை நிறுத்திவிட்டு, உலோகப் பாதுகாப்பு வல்லுநரை அணுகுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் செப்புத் திருமேனிகளின் இதே நோய்க்காக 1930களிலேயே தொடங்கப்பட்ட வேதியியல் ஆய்வகம் உண்டு.

அத்தகைய அரிப்பு இல்லையென்றால், வெயிலில் சிலை கைபொறுக்கும் சூடேறிய பிறகு மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை (மிக நுண்ணிய படிகங்களாலான பெட்ரோலிய மெழுகு) பஞ்சுத்துணியில் சிறிதளவு எடுத்து, ஒரு சாண் பரப்பாக மெல்லத் தடவி, மங்கலாக உலர்ந்ததும் வேறு சுத்தமான துணியால் தேயுங்கள். தடித்துப் பூசினால் தூசி ஒட்டி வெண்மையாகிவிடும். மறுநாள் இன்னொரு மெல்லிய பூச்சுப் பூசுவதே சரி. தீச்சுடரால் சூடாக்கி மெழுகுவது பயிற்சி பெற்றவர்களின் வேலை. தங்க நிற, வெள்ளி நிற பெயிண்ட்டை எந்த நிலையிலும் பூசாதீர்கள். அதன் அடியில் ஈரம் சிறைப்பட்டு அரிப்பு மறைவாகப் பரவும், முகத்தின் நுண்ணிய கோடுகளும் மூழ்கிப்போகும்.

விழா நாளுக்கென்று இரண்டு செய்திகள். தோவாளைப் பூச்சந்தையில் மாலைக்குச் சொல்லும்போது கம்பி வேண்டாம், வாழைநாரில் கட்டிக் கொடுங்கள் என்று கேளுங்கள்; அன்று மாலையே அதை இறக்கிவிடுங்கள், ஏனெனில் அழுகும் பூவின் ஈரம் தோளில் தழும்பாகப் பதியும். பாலும் சந்தனமும் ஊற்ற விரும்பும் தொண்டர்களிடம், பால் புளித்து அமிலமாவதைப் பொறுமையாக விளக்கி, பீடத்தின் முன் ஒரு தட்டில் வைக்கச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்று நான்கு பக்கமும் படமெடுத்து, தேதியோடு குழுவின் நோட்டில் ஒட்டி வையுங்கள். அடுத்த மழையில் குடை பிடித்துக்கொண்டு போய்ச் சிலையின் தோளைப் பாருங்கள்: நீர் சேம்பிலைமேல் போல முத்துமுத்தாக உருண்டால் மெழுகு இருக்கிறது, படர்ந்து ஊறினால் அடுத்த பூச்சுக்கு நாள் பார்க்க வேண்டும்.