மாட்டை இரண்டு தரமும் ஒரே மதகடியில் விடாதீர்கள்

போன கிழமை ஒரு மாணவன் தன் சிமுலேட்டர் (திரைக்கு முன்னால் இருந்து ஓட்டும் பாவனை வண்டி) பரிசோதனை அட்டவணையைக் கொண்டுவந்து காட்டினான். எல்லாரும் முதலில் பழைய வீதியில் ஓட்டுவார்கள், பிறகு திருத்திய வீதியில். "மென்பொருளில அப்பிடித்தான் சேர் வரிசை இருக்கு" என்றான். எனக்குப் பழைய காயம் திரும்ப வலித்தது.

வரிசை

கிளிநொச்சியில் நாங்கள் சிமுலேட்டரில் செய்த முதல் வேலை இது. கண்டி–யாழ்ப்பாண ஏ9 நெடுஞ்சாலை மாதிரி ஓர் இருவழி வீதி, நீண்ட நேர்ப்பாதை, அப்புறம் ஒரு வளைவு. வளைவில் வெள்ளை ஓரக்கோடும் அம்புக்குறிப் பலகைகளும் போட்டால் சாரதிகள் வேகத்தைக் குறைப்பார்களா என்பதுதான் கேள்வி. வன்னி வீதி என்றால் மாடு இல்லாமல் எப்படி? வளைவுக்குச் சற்று முன்னால் மதகடியில் ஒரு மாடு குறுக்கே வரும்படி வைத்தோம். 24 பேர் வந்தார்கள், மாங்குளம், முல்லைத்தீவிலிருந்தெல்லாம். பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் எங்கள் கணக்கு. எல்லாரும் முதலில் கோடில்லாத வீதி, பிறகு கோடு போட்ட வீதி. இரண்டாவது ஓட்டத்தில் வேகம் அழகாகக் குறைந்தது, ஸ்டியரிங் ஆட்டமும் குறைந்தது, நாங்கள் துள்ளிக் குதித்தோம்.

கடைசி நாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த டிப்பர் ஓட்டும் அண்ணை ஒருவர் சும்மா சொன்னார்: "மதகடியில மாடு வரும் எண்டு தெரியும்தானே தம்பி, அதான் மெதுவாப் போனன்."

மூன்று மாத வேலை அந்த ஒரு வாய்த் தேத்தண்ணியோடு போயிற்று. வேகம் குறைந்தது கோட்டாலா, மாட்டின் ஞாபகத்தாலா? ஸ்டியரிங் நிதானமானது பலகையாலா, கை பழகியதாலா? வரிசை எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால் இதைப் பிரிக்க எந்தப் புள்ளிவிவரக் கணக்காலும் முடியாது.

பாதிப் பேருக்குக் கோடு போட்ட வீதியை முதலில் கொடுத்திருந்தால் போதும். மூன்று நான்கு வடிவமைப்பு என்றால் இலத்தீன் சதுரம் (ஒவ்வொரு வடிவமைப்பும் முதலாவதாக, இரண்டாவதாக என ஒவ்வோர் இடத்திலும் சம தரம் வரும் அட்டவணை) போட்டு வரிசையை மாற்றுங்கள். மாட்டை ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு இடத்தில் விடுங்கள், சிலவற்றில் மாடே வேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்னால், கணக்கில் சேராத பழகு ஓட்டம் ஒன்று, ஐந்து பத்து நிமிடம்.

வேகத்தை அப்படியே எழுதுவது

அசையாத இருக்கை, ஒடுங்கிய திரை, காற்றும் இல்லை, குலுக்கலும் இல்லை. போகிற வேகம் உடம்புக்குத் தெரியாததால் பலர் தம்மையறியாமல் கூடுதலாக மிதிப்பார்கள். சிமுலேட்டரில் 80 வந்தது என்பதற்காக ஏ9இலும் 80 என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு வடிவமைப்புகளுக்கு இடையில் எதில் வேகம் குறைகிறது என்பதைத்தான் ஓரளவு நம்பலாம், அதையும் உண்மையான வளைவில் ரேடாரோடு வெயிலில் நின்று ஒருதரம் சரிபார்த்த பிறகு.

தலைசுற்று

சத்தி வருகிற மாதிரி என்றால் உடனே நிறுத்துங்கள், மோட்டார் சைக்கிளில் தனியே அனுப்பாதீர்கள். சிமுலேட்டர் தலைசுற்றை அளக்க 1993இல் கென்னடி என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்ட 16 அறிகுறிக் கேள்வித்தாளை முன்னும் பின்னும் கொடுங்கள். இடையில் விட்டுப்போனவர்கள் எந்த வீதியில் விட்டார்கள் என்றும் குறித்து வையுங்கள். வளைவு கூடிய வீதியில் மட்டும் ஆட்கள் கழன்றால் மிஞ்சுகிற முடிவு கோணல்.

ஆட்கள்

உங்கள் வகுப்புக்காரர் மட்டும் போதாது. லாண்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) ஓட்டுபவர், ஹையேஸ் வான் ஓட்டுபவர், வயதானவர் எல்லாரையும் கூப்பிடுங்கள்.

இரண்டாம் முறை செய்தபோது அந்த டிப்பர் அண்ணையைத் தெருவில் கண்டு, திரும்ப வருவீர்களா என்று கேட்டேன்.

"மாட்டை மாத்தியாச்சோ?" என்றார்.