எக்செல் ஷீட்டை வடிவம் குலையாமல் நகலெடுக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு ஷீட்டை நகலெடுத்து இன்னொரு ஃபைலில் ஒட்டியதும் நெடுவரிசைகள் சுருங்கி, எண்கள் இருந்த இடத்தில் #### என்று நிற்கும். தலைப்பு வரிசையின் நிறம் மாறியிருக்கும். ஒரே பக்கத்தில் அச்சான அறிக்கை நான்கு பக்கமாக விரியும். எக்செல் வடிவமைப்பை மூன்று இடங்களில் பிரித்து வைத்திருப்பதுதான் காரணம். எழுத்துரு, பார்டர், எண் வடிவம் எல்லாம் செல்லோடு இருப்பவை. நெடுவரிசை அகலம், வரிசை உயரம், மார்ஜின், பிரின்ட் ஏரியா ஆகியவை ஷீட்டோடு இருப்பவை. தீம் (ஃபைலின் நிற, எழுத்துருத் தொகுப்பு), ஸ்டைல், தேதியை எண்ணும் முறை மூன்றும் ஃபைலுக்கு உரியவை. எதை நகலெடுக்கிறோமோ அதற்கு உரியது மட்டும்தான் கூட வரும்.

ஷீட் வேண்டும் என்றால் செல்லை நகலெடுக்காதீர்கள்

அதிகம் நடக்கும் தவறு இதுதான். செல்களைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + சி, கன்ட்ரோல் + வி கொடுத்தால் அகலமும் உயரமும் வராது. ஹெடர், ஃபூட்டர், ஒவ்வொரு பக்கத்திலும் திரும்ப வரும் தலைப்பு வரிசை, அச்சு அளவு எதுவும் வராது. கன்ட்ரோல் + ஏ கொடுத்துவிட்டோமே என்று நம்பவும் முடியாது. கர்சர் தரவுக்குள் இருந்தால் முதல் அழுத்தலில் அந்தத் தரவுப் பகுதி மட்டும்தான் தேர்வாகும். இன்னொரு முறை அழுத்த வேண்டும், அல்லது ஏ என்ற எழுத்துக்கும் 1 என்ற எண்ணுக்கும் இடையிலுள்ள மூலை முக்கோணத்தைச் சொடுக்க வேண்டும். இப்படி முழு ஷீட்டையும் எடுத்து ஏ1 செல்லில் ஒட்டினால் அகலமும் உயரமும் வந்துவிடும், அச்சு அமைப்பு அப்போதும் வராது.

சரியான வழி: திரையின் கீழே ஷீட்டின் பெயருள்ள டேபில் வலது சொடுக்கு, 'மூவ் ஆர் காப்பி', மேலே உள்ள பட்டியலில் சேர வேண்டிய ஃபைல், கீழே 'கிரியேட் எ காப்பி' பெட்டியில் டிக். அந்த டிக்கை மறந்தால் நகல் உருவாகாது. மூல ஃபைலிலிருந்து ஷீட்டே பெயர்ந்து போய்விடும். சேர வேண்டிய ஃபைல் பட்டியலில் தெரியவில்லை என்றால் அது திறந்திருக்கவில்லை, அல்லது தனியாக இயங்கும் இன்னொரு எக்செலில் திறந்திருக்கிறது. 'மூவ் ஆர் காப்பி' மங்கலாக இருந்தால், ரிவ்யூ பகுதியில் 'ப்ரொடெக்ட் வொர்க்புக்' போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு பகுதி மட்டும் போதும் என்றால் ஒட்டுவதை இரண்டு முறை செய்யுங்கள். முதலில் கன்ட்ரோல் + ஆல்ட் + வி அழுத்தினால் வரும் பேஸ்ட் ஸ்பெஷல் பெட்டியில் 'காலம் விட்த்ஸ்' தேர்ந்து ஓகே. அதே இடத்தில் மறுபடி சாதாரணமாக ஒட்டுங்கள். வரிசை உயரத்துக்கு இப்படி ஒரு தேர்வு இல்லை. உயரமும் வேண்டுமானால் இடப்பக்க எண்களைப் பிடித்து முழு வரிசைகளாகவே நகலெடுக்க வேண்டும்.

ஷீட்டாக நகலெடுத்தும் நிறம் மாறுவது ஏன்

நிறப் பட்டியலில் 'தீம் கலர்ஸ்' என்ற பகுதியிலிருந்து எடுத்த நிறம், நிறமாகச் சேமிக்கப்படுவதில்லை. 'தீமின் ஐந்தாவது நிறம்' என்பது போன்ற குறிப்பாகவே சேமிக்கப்படுகிறது. புதிய ஃபைலின் தீம் வேறு என்றால் அதன் ஐந்தாவது நிறம் வந்து உட்காரும். எழுத்துருவும் இப்படித்தான். மூல ஃபைலில் பேஜ் லேஅவுட், தீம்ஸ், 'சேவ் கரன்ட் தீம்' கொடுத்து, புதிய ஃபைலில் 'பிரவுஸ் ஃபார் தீம்ஸ்' வழியாக அதைக் கொண்டுவரலாம். ஆனால் அந்த ஃபைலில் ஏற்கெனவே உள்ள ஷீட்களும் நிறம் மாறும். அது கூடாது என்றால், முக்கியமான நிறங்களை மட்டும் மூலத்திலேயே 'மோர் கலர்ஸ்' வழியாக நிலையான நிறமாக மாற்றிவிடுவது நல்லது. செல்களை மட்டும் ஒட்டுபவர்களுக்கு பேஸ்ட் ஸ்பெஷலில் 'ஆல் யூசிங் சோர்ஸ் தீம்' இருக்கிறது.

அகலமும் இதே போல ஏமாற்றும். நெடுவரிசை அகலம் 12 என்றால் ஏறக்குறைய 12 இலக்கங்கள் கொள்ளும் இடம் என்று பொருள். அந்த இலக்கத்தின் அளவு ஃபைலின் 'நார்மல்' ஸ்டைல் எழுத்துருவைப் பொறுத்தது. இரு ஃபைல்களிலும் நார்மல் எழுத்துரு வேறு என்றால் எண் 12 ஆகவே இருக்க, திரையில் அகலம் மாறும்.

ஃபார்முலா பழைய ஃபைலைப் பிடித்துக்கொள்வது

மற்ற ஷீட்களைச் சுட்டும் ஃபார்முலாக்கள், நகலெடுத்த பின் சதுர அடைப்புக்குள் பழைய ஃபைலின் பெயரைச் சுமந்து வரும். பார்வைக்கு எல்லாம் சரியாக இருப்பதால் இது வடிவம் குலைவதைவிட ஆபத்தானது. தொடர்புள்ள ஷீட்களை கன்ட்ரோல் அழுத்தியபடி சேர்த்துத் தேர்ந்து ஒன்றாக நகலெடுத்தால் இது வராது. அவற்றில் எதிலாவது இன்சர்ட் வழியாகப் போட்ட டேபிள் இருந்தால் எக்செல் கூட்டாக நகலெடுக்க மறுக்கும். அப்போது முழு ஃபைலையும் 'சேவ் ஆஸ்' செய்து, வேண்டாத ஷீட்களை நீக்குவதே சுலபம். தீமும் அப்படியே இருக்கும்.

ஏற்கெனவே நகலெடுத்தாகிவிட்டது என்றால் புதிய ஃபைலைச் சேமித்து, டேட்டா பகுதியில் 'எடிட் லிங்க்ஸ்' (புதிய பதிப்புகளில் 'வொர்க்புக் லிங்க்ஸ்') திறந்து, 'சேஞ்ச் சோர்ஸ்' கொடுத்து அந்தப் புதிய ஃபைலையே தேர்ந்தெடுங்கள். அதே பெயருள்ள ஷீட்கள் அதில் இருக்க வேண்டும். 'பிரேக் லிங்க்' வேறு. அது ஃபார்முலாவை அழித்து மதிப்பை மட்டும் விட்டுவைக்கும்.

பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைலுக்குள் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஷீட்டை நகலெடுக்க முடியாது. முன்னதில் 65,536 வரிசைகளும் 256 நெடுவரிசைகளும்தான். பின்னதில் 10,48,576 வரிசைகள், 16,384 நெடுவரிசைகள். பழையதை எக்ஸ்எல்எஸ்எக்ஸாகச் சேமித்து, மூடி, மறுபடி திறந்த பிறகு முயலுங்கள்.

எல்லாத் தேதிகளும் நான்கு ஆண்டும் ஒரு நாளும் தள்ளி நின்றால், ஒரு ஃபைல் 1900 தேதி முறையிலும் (1900-இலிருந்து நாள்களை எண்ணுவது) மற்றது 1904 முறையிலும் இருக்கிறது. வித்தியாசம் 1,462 நாள். ஒரு காலி செல்லில் 1462 எழுதி நகலெடுத்து, தேதிகளின் மேல் பேஸ்ட் ஸ்பெஷலில் 'வேல்யூஸ்', கூடவே தேதிகள் முந்திப் போயிருந்தால் 'ஆட்', பிந்திப் போயிருந்தால் 'சப்ட்ராக்ட்' கொடுத்தால் சரியாகும். 'வேல்யூஸ்' தேர்வை விட்டால் தேதி வடிவம் போய் வெறும் எண்கள் தெரியும்.

கண்டிஷனல் ஃபார்மட்டிங் (விதிப்படி செல்லின் நிறம் தானாக மாறும் வசதி) உள்ள ஷீட்டுக்குள்ளேயே வரிசைகளை அடிக்கடி நகலெடுத்து ஒட்டினால், ஒரே விதி துண்டு துண்டாகப் பெருகி ஃபைலை மெதுவாக்கும். அங்கே 'ஃபார்முலாஸ்' அல்லது 'வேல்யூஸ்' என்று மட்டும் ஒட்டுங்கள். பெருகிவிட்டதைக் களைய 'மேனேஜ் ரூல்ஸ்' திறந்து 'திஸ் வொர்க்‌ஷீட்' தேர்ந்து, ஒரு விதியின் எல்லையை முழுப் பகுதிக்கும் நீட்டி, மீதியை நீக்குங்கள்.

கூகுள் ஷீட்ஸில் டேபின் அம்புக்குறியில் 'காப்பி டு' இந்த வேலையைச் செய்யும். வேறு ஃபைலின் தரவை இழுத்துவரும் இம்போர்ட்ரேஞ்ச் ஃபார்முலா மதிப்புகளை மட்டுமே கொண்டுவரும், வடிவமைப்பைக் கொண்டுவராது. இரண்டும் வேண்டும் என்றால் முதலில் 'காப்பி டு' மூலம் ஷீட்டைக் கொண்டுவந்து, அதிலுள்ள தரவை அழித்துவிட்டு, அதன் மேல் இம்போர்ட்ரேஞ்ச் எழுதுங்கள்.