வாசித்ததைத் தோட்டத்து வட்ஸ்அப் குழுவில் பகிர்வது எப்படி?

இணையத்தில் நல்ல கட்டுரை ஒன்றை வாசிக்கிறீர்கள். லிங்கை அப்படியே நம் மலையகத் தேயிலைத் தோட்டத்து ஆட்களின் வட்ஸ்அப் குழுவில் போடுகிறீர்கள். நாலு பேர் பெருவிரல் காட்டுவார்கள், திறந்து பார்த்தவர் ஒருவரும் இருக்கமாட்டார். அக்கறை இல்லை என்று நினைக்க வேண்டாம். நிறையப் பேர் போடுவது சமூக வலைத்தளங்களுக்கு மட்டுமான டேட்டா கார்ட். அதில் வட்ஸ்அப் ஓடும், வெளித்தளத்தைத் திறந்தால் ரீலோட் காசு கரையும். மலை மறைவில் இருக்கிற லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சிக்னலும் கிடைக்காது. ஆகவே லிங்க் திறக்கப்படாவிட்டாலும் பயன்படுகிற ஒரு குறிப்பை நீங்கள் எழுத வேண்டும். கீழே உள்ளது அதற்கான வழி.

படி 1: எதை எடுப்பது

வாரத்துக்கு ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. தினம் ஐந்து போடுகிறவரின் பதிவை மூன்றாம் நாளே யாரும் பார்ப்பதில்லை.

குழுவில் உள்ளவர்கள் தங்கள் அனுபவத்திலிருந்து பதில் சொல்லக்கூடிய விஷயமா என்று பாருங்கள். நாட்சம்பளம், வீட்டுக் காணி, பாடசாலை, காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் போன்ற நம் கூத்துகள் எல்லாமே பொருந்தும். கொழும்பில் எந்த அமைச்சர் யாரை ஏசினார் என்பதை விட்டுவிடலாம். அது எப்படியும் வந்து சேரும்.

தேடத் தொடங்க நல்ல இடம் நூலகம் எண்ணிம நூலகம். 2005இல் தொடங்கிய இந்தத் தளத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பழைய பத்திரிகைகளையும் இலவசமாக வாசிக்கலாம். ஒரு சிக்கல் உண்டு: பல கோப்புகள் ஸ்கேன் செய்த பக்கங்கள், பாரம் அதிகம். முழுக் கோப்பையும் குழுவில் போட்டால் மற்றவர்களின் போன் நிறைந்துவிடும். தேவையான ஒரு பக்கத்தை மட்டும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, நூல் பெயர், ஆண்டு, பக்க எண் மூன்றையும் கீழே எழுதுங்கள்.

அரசியல் என்றால் மூலத்துக்கே போகலாம். பாராளுமன்ற உரைகள் ஹன்சாட் என்ற அதிகாரபூர்வப் பதிவில், பேசப்பட்ட மொழியிலேயே இருக்கும். நம் உறுப்பினர் தமிழில் பேசியதைத் தமிழிலேயே வாசிக்கலாம். வர்த்தமானிகள், அதாவது அரசாங்கத்தின் அதிகாரபூர்வ அறிவித்தல்கள், அரசாங்க அச்சுத் திணைக்களத்தின் தளத்தில் கிடைக்கும்.

படி 2: திகதியைப் பாருங்கள்

பிழை அதிகம் நடப்பது இங்கேதான். குழுக்களில் சுற்றும் பல செய்திகள் பொய்யானவை அல்ல, பழையவை.

சம்பளச் செய்தியைப் பாருங்கள். தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1,000 ரூபா என்ற கோரிக்கை பல ஆண்டுகள் தலைப்புச் செய்தியாக இருந்தது. 2021 மார்ச்சில்தான் அது வர்த்தமானிக்கு வந்தது, அதுவும் அடிப்படைச் சம்பளம் 900, வரவுசெலவுத் திட்டப் படி 100 என்று பிரிந்து. பிறகு 2024 மே மாதம் 1,700 என்று வர்த்தமானி வெளிவந்தது. அதை எதிர்த்துத் தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. அந்த ஆண்டு செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 என்று வேறொரு வர்த்தமானி வந்தது. மே மாதச் செய்தியை ஒக்டோபரில் ஒருவர் பகிர்ந்திருந்தால், அவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அதை நம்பிச் சம்பளத் துண்டைப் பார்த்தவர் ஏமாந்திருப்பார். எனவே சம்பளத் தொகை எதைப் பகிர்ந்தாலும் மூன்று கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்: எந்தத் திகதியில் வந்த அறிவிப்பு? அடிப்படை எவ்வளவு, படி எவ்வளவு? வர்த்தமானியா, வெறும் பேச்சுவார்த்தையா?

படமென்றால் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். போன வருட மண்சரிவுப் படம் இன்றைய செய்தியோடு ஒட்டி வந்தால் அங்கேயே தெரிந்துவிடும். செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று பொருள். மூலத்தைக் கண்டுபிடிக்கும்வரை கை வைக்க வேண்டாம்.

மண்சரிவு எச்சரிக்கைக்கு மட்டும் தனி விதி. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று மட்டங்களில் அதை வெளியிடுகிறது. சிவப்பு என்றால் அந்த இடத்தைவிட்டு வெளியேற வேண்டும். ஒவ்வொரு எச்சரிக்கையிலும் எந்தப் பிரதேச செயலகப் பிரிவு, எந்த நேரம்வரை என்று இருக்கும். அதைச் சுருக்க வேண்டாம், உங்கள் வார்த்தையில் எழுதவும் வேண்டாம். முழுதாகப் போட்டு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தையும் சேருங்கள். நேரம் முடிந்துபோன எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்தால், உண்மையானது வரும்போது மக்கள் அசையமாட்டார்கள்.

படி 3: ஐந்து வரிக் குறிப்பு

கட்டுரையைக் கடைசிவரை வாசித்த பிறகுதான் எழுத வேண்டும். தலைப்பை மட்டும் பார்த்து எழுதியது முதல் கேள்வியிலேயே பிடிபட்டுவிடும்.

முதல் வரியில் எதைப் பற்றியது, எங்கே, எப்போது வந்தது. அடுத்த இரண்டு வரியில் கட்டுரை சொல்வது, எண்களோடு. நாலாவது வரி உங்கள் எண்ணம், "என் எண்ணம்" என்று வெளிப்படையாகத் தொடங்கி. ஐந்தாவது, ஒரு கேள்வி. மாதிரி:

*சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் பற்றிய கட்டுரை (தளத்தின் பெயர், திகதி)*
*1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தானது. நாடற்றவர்களாக இருந்த மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை.*
*மிச்சம் 1,50,000 பேரின் முடிவு தள்ளிப்போடப்பட்டது. 1974இல் அதையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள்.*
*என் எண்ணம்: 1948 சட்டம் பறித்த குடியுரிமையைத் திருப்பித் தருவதாகச் சொல்லி, இரண்டு அரசாங்கங்கள் நம் ஆட்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டுக்கொண்டன.*
*உங்க வீட்டில் யாராவது அப்போ இந்தியா போனாங்களா? எந்த ஊருக்கு?*

கடைசி வரியைக் கவனியுங்கள். "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டால் குழு அமைதியாகிவிடும். எந்த ஊர் என்று கேட்டால் கோத்தகிரி, கூடலூர் என்று பதில் வரும், டேன்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிற பெரியம்மாவின் பெயர் வரும், யாரோ ஒருவர் பழைய கடிதத்தைப் படம் எடுத்துப் போடுவார். கட்டுரையில் இல்லாத சரித்திரம் அது.

மூன்றாம், நாலாம் வரிகள் கலந்துவிடாமல் பார்ப்பது மிக முக்கியம். கட்டுரை சொன்னது எது, நீங்கள் நினைப்பது எது என்று தெரியாவிட்டால், உங்கள் கோபத்தையும் ஆதாரமுள்ள செய்தியாக வாசித்து அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுவார்கள். முழுக் கட்டுரையையும் வெட்டி ஒட்டவும் வேண்டாம். எழுதியவரின் உழைப்பு அது, அவர் பெயர் மூன்றாவது போர்வட்டிலேயே காணாமல் போகும்.

படி 4: எப்போது, எப்படிப் போடுவது

வேலை நாளில் கொழுந்து பறிக்க மலைக்குப் போனவர்கள் காலையில் போன் பார்ப்பதில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகோ ஞாயிற்றுக்கிழமையோ போடுங்கள். வாசிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்காக அதே ஐந்து வரியைக் குரல் பதிவாகவும் சேர்க்கலாம். ஒரு நிமிடத்துக்குள், லயத்தில் பேசுகிற பேச்சிலேயே பேசுங்கள். செய்தி வாசிப்பாளர் குரல் தேவையில்லை. பின்னால் டிவி ஓடினால் ஒன்றும் விளங்காது.

படி 5: வாக்குவாதம் வந்தால்

ஒரே லயத்தில் மூன்று தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்கள் இருப்பார்கள். அதனால் சங்கத்தின் பெயரை வைத்துத் தொடங்காமல், எடுக்கப்பட்ட முடிவை வைத்துத் தொடங்குங்கள். "அவங்க வித்துட்டாங்க" என்று எழுதினால் சண்டை. "இந்த ஒப்பந்தத்தில் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கொழுந்து எடுக்கணும் என்று எழுதலையே" என்று எழுதினால் பேச்சு. யாராவது சூடாக மறுத்தால், எந்த வரி பிழை என்று கேளுங்கள். வரியைக் காட்டினால் திரும்ப வாசியுங்கள். காட்டாவிட்டால் அன்றைக்கு அதோடு விடுங்கள்.

தனி ஆளின் மேல் குற்றம் சாட்டும் பதிவை எடுக்கவே வேண்டாம். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் கீழ் பொய்யான கூற்றுகளைப் பரப்புவது வழக்குவரை போகலாம்.

நீங்கள் போட்டதில் பிழை இருந்தால், 15 நிமிடத்துக்குள் என்றால் அந்தப் பதிவிலேயே திருத்தலாம். அதற்குமேல் போனால் அழிக்க வேண்டாம், ஏற்கனவே வாசித்தவர்களுக்குத் திருத்தம் போய்ச் சேராது. பழைய பதிவுக்கு ரிப்ளை போட்டு, "திருத்தம்" என்று தொடங்கி, பிழையான எண்ணையும் சரியான எண்ணையும் இரண்டையும் எழுதுங்கள். வேறு குழுக்களுக்கு அனுப்பியிருந்தால் அங்கேயும் அதையே போடுங்கள்.